முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கவனிப்பு எப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோரையோ நெருங்கிய உறவினரையோ சேர்க்க இடம் தேடுகிறவர்களும், ஏற்கெனவே சேர்த்துவிட்டு மனசு கேட்காமல் இருக்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. தாமே நடமாடி, தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் தங்கும் விடுதிகளைப் பற்றி இங்கே பேசவில்லை. குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிப்பறை போக இன்னொருவர் கை தேவைப்படுகிறவர்கள் இருக்கும் இல்லங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

முதல் முறை போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அங்கே இருப்பவர்களிலேயே மிகவும் முடியாதவரைக் கவனியுங்கள். பேச்சில்லாமல், படுத்த படுக்கையாக, பார்க்க வர ஆளும் இல்லாமல் ஒருவராவது இருப்பார். சுற்றிக் காட்டுகிறவர் உங்களை முன்கூடத்தில் சிரித்துப் பேசும் பெரியவரிடம்தான் அழைத்துப் போவார். அந்தப் பெரியவர் எந்த இல்லத்திலும் ஓரளவு நன்றாகத்தான் இருப்பார். வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர். கேட்க முடியாதவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் இல்லத்தின் தரம் தெரிந்துவிடும். இன்று நடமாடும் உங்கள் அம்மாவும் நாளை அந்தக் கட்டிலில் இருக்கலாம்.

அடுத்தவர் அறைக்குள் புகுந்து ஆராயச் சொல்லவில்லை. நடைபாதையில் போகும்போதே நிறையத் தெரியும். நகம் வெட்டியிருக்கிறதா? உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? கண்ணில் பீளை அப்படியே இருக்கிறதா? முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறார்களா, எல்லோரும் மல்லாந்தே கிடக்கிறார்களா? தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? அழைப்பு மணியின் பொத்தான் கைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கட்டிலுக்குப் பின்னால் தொங்குகிறதா? மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் ஆளிடம் இருக்கின்றனவா, டிராயரில் கிடக்கின்றனவா?

அப்புறம், ஊழியர்களின் பேச்சைக் கேளுங்கள். ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முன் “ஐயா, இந்தப் பக்கம் திருப்புறேன்” என்று சொல்லிவிட்டுச் செய்கிறார்களா, தங்களுக்குள் பேசிக்கொண்டே மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டுகிறார்களா? இதை யாரும் உங்களுக்காக நடித்துக் காட்ட மாட்டார்கள். பழக்கமாக இருந்தால்தான் வரும்.

கட்டடம், தோட்டம், அறை வசதி எல்லாம் முக்கியம் இல்லையா?

கொஞ்சம் முக்கியம். வழுக்காத தரை, கழிப்பறையில் கைப்பிடி, வீல்சேர் நுழையும் அளவு வாசல், இரவு வெளிச்சம் ஆகியவை கண்டிப்பாக வேண்டும். மற்றபடி வரவேற்பறைச் சோபாவில் உங்கள் அப்பா உட்காரப்போவதில்லை.

மருத்துவக் கவனிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-ல் அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் ஒரு வழி வகுத்தார். என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் ஆளுக்கு என்ன ஆகிறது என்று மூன்றாகப் பிரித்தார். இன்றும் பெரும்பாலான தர மதிப்பீடுகள் இதன் மேல்தான் நிற்கின்றன. விளம்பரத்தில் வருவதெல்லாம் முதலாவது. நாம் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை மற்ற இரண்டும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த தடவை சொல்லாமல், வேறு நேரத்தில் போங்கள். மாலை இருட்டும் நேரம், விடுமுறை நாள், ஷிப்ட் மாறும் நேரம் ஆகிய மூன்றிலும்தான் ஆள் குறைவு பளிச்சென்று தெரியும். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் ஓர் இல்லம் எப்படி நடக்கிறதோ அதுதான் அதன் உண்மை நிலை.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தானே சாப்பிட முடியாத ஒருவருக்கு நிதானமாக ஊட்ட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பத்து நிமிடத்தில் எல்லாத் தட்டும் திரும்பிவிட்டால் ஒன்று திணித்திருக்கிறார்கள், இல்லை அப்படியே எடுத்துவிட்டார்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா என்றும் பாருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுகிறவர் தலையை அண்ணாக்க வேண்டியிருக்கும், புரையேறும். விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே உட்காரவைப்பது நல்லது. சாப்பாடு முடிந்த கையோடு வரிசையாகப் படுக்கவைக்கிற இல்லத்தில் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வர வாய்ப்பு அதிகம்.

தட்டு திரும்பிப் போகும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். மிச்சத்தை யாராவது குறித்துவைக்கிறார்களா என்பதையும் சேர்த்து.

ஊழியர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“எங்களிடம் மொத்தம் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள்” என்ற பதிலால் ஒரு பயனும் இல்லை. அதில் சமையல்காரர், காவலாளி, கணக்கர் எல்லோரும் இருப்பார்கள். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: “நேற்று ராத்திரி டூட்டியில் இந்த மாடியில் எத்தனை பேர்? அதில் பயிற்சி பெற்ற நர்ஸ் எத்தனை பேர்? மாடியில் மொத்தம் எத்தனை முதியவர்கள்?” நேற்று என்று கேட்டால் மழுப்புவது கடினம்.

ஒரு கணக்கு கையில் இருப்பது நல்லது. அமெரிக்க மத்திய அரசுக்காக 2001-ல் செய்த பெரிய ஆய்வு ஒன்று, ஒருவருக்கு ஒரு நாளைக்கு நர்ஸ், உதவியாளர் எல்லோருடைய நேரமும் சேர்த்துச் சுமார் 4.1 மணி நேரம் கிடைக்காவிட்டால் கவனிப்பு பாதிக்கப்படுகிறது என்று கண்டது. எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் சட்டமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர் இருக்கும் மாடியில் பகலில் இரண்டு ஷிப்டிலும் நான்கு நான்கு பேர், இரவில் இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேர வேலை என்றால் மொத்தம் 80 மணி நேரம். ஆளுக்கு மூன்று மணி நேரம்கூட வரவில்லை. அதிலும் அடுத்த ஷிப்டிடம் வேலையைக் கைமாற்றும் நேரம், எழுதும் நேரம், அவர்கள் சாப்பிடும் நேரம் எல்லாம் போக வேண்டும்.

எண்ணிக்கைக்குச் சமமாக முக்கியமானது, அதே ஆட்கள் நீடிக்கிறார்களா என்பது. மாதம் ஒரு முகம் மாறினால் உங்கள் அப்பாவுக்கு எந்தத் தோளில் வலி, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. உதவியாளரிடம் “இங்கே எவ்வளவு காலமா இருக்கீங்க?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். மேலாளர் சொல்வதைவிட அந்தப் பதில் நம்பகமானது.

அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். மணியே அடிக்காத இல்லமும் உண்டு. அங்கே ஒன்று எல்லாம் வேளாவேளைக்கு நடக்கிறது, இல்லை அடித்துப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

படுக்கைப் புண் வந்துவிட்டது. இல்லத்தின் தவறு என்று சொல்லலாமா?

பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியதுதான். எல்லாமே அல்ல. மரணத்தை நெருங்கிய நிலையில், இரத்த ஓட்டமே குறைந்துபோன உடம்பில், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலருக்குப் புண் வந்துவிடும். அதனால் புண் வந்ததா என்பதோடு நிறுத்தாமல் எப்போது கண்டுபிடித்தார்கள், கண்டதும் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள்.

படுக்கைப் புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் தோல் உடைந்திருக்காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருக்கும். கறுத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, கொழகொழவென்றோ இருக்கும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும் அல்லது கொப்புளம் வரும். மூன்றாம் நிலையில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு தெரியும். நான்காம் நிலையில் தசை, எலும்பு வரை போய்விடும். உங்களிடம் முதல் தகவலே “ஆழமான புண் ஒன்று இருக்கிறது” என்று வந்தால், அதற்கு முன்பு குளிப்பாட்டியவர், உடை மாற்றியவர் யாரும் முதுகைப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: இடுப்பின் பின்பக்கம் முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, முழங்கை, பின்தலை. குதிகாலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். போர்வையைக் கால் பக்கம் விலக்கிப் பாருங்கள். குதிகால் மெத்தையில் அழுந்தாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துத் தூக்கிவைத்திருந்தால் அங்கே விவரம் தெரிந்த ஆள் இருக்கிறார்.

திருப்பிப் படுக்கவைப்பது வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நல்ல மெத்தை இருந்தால் சிலருக்கு அதைவிட இடைவெளி விடலாம். காற்று மெத்தை போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று சொன்னால் அது தவறு. சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வதும், நடுவில் ஓட்டை உள்ள வளையத்தின் மேல் உட்காரவைப்பதும் பழைய பழக்கங்கள். இரண்டுமே புண்ணை மோசமாக்கும். அதை இன்னும் செய்கிற இல்லத்தில் பயிற்சி நின்று பல வருடம் ஆகியிருக்கும்.

எடை குறைந்துகொண்டே போகிறது. வயசானா அப்படித்தான் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் காரணம் தேட வேண்டிய குறைவு அது. 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இளைத்திருந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பல் செட் பொருந்தாமல் இருக்கலாம், விழுங்க முடியாமல் இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தால் வாய் உலர்ந்திருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். வெறுமே ஊட்ட ஆளில்லாமலும் இருக்கலாம்.

எடைப் பதிவைக் கேளுங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்திருக்க வேண்டும். எல்லா மாதமும் ஒரே எண் எழுதியிருந்தால், எடை பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். “கேட்டால் கொடுப்போம்” என்பது தண்ணீர் விஷயத்தில் போதவே போதாது. கேட்காமலே அடிக்கடி கொடுக்க வேண்டும்.

விழுந்துவிடக் கூடாது என்று கட்டிலோடு, நாற்காலியோடு கட்டி வைக்கிறார்கள். பாதுகாப்புக்குத்தானே?

கட்டிவைத்தால் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டைப் பிய்த்துக்கொண்டு எழ முயன்று கழுத்து நெரிந்தவர்களும், கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டி ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1987-ல் வந்த சட்டம், மருத்துவக் காரணமின்றி ஊழியர் வசதிக்காகக் கட்டிவைக்கப்படாமல் இருப்பது இல்லத்தில் வாழ்பவரின் உரிமை என்றே எழுதியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டிப்போட்டவருக்குத் தசை வற்றிவிடும். ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. நோயாளிக்கு இன்னும் மோசமாகத்தான் ஆகும். அப்புறம் ஒருநாள் அவிழ்த்துவிட்டால் அவர் விழாமல் என்ன செய்வார்?

நல்ல இல்லம் ஏன் எழுந்தார் என்று கேட்கும். பெரும்பாலும் சிறுநீர் முட்டியிருக்கும், வலி இருக்கும், அல்லது தனியாக இருக்கப் பயமாக இருக்கும். நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, கட்டிலைத் தாழ்த்திவைப்பது, வழுக்காத செருப்பு, இரவு விளக்கு, தலைசுற்றல் தரும் மருந்துகளைக் குறைப்பது என்று வேலை தொடங்கும். எப்போதாவது ஒருவர் விழுவதை முழுவதும் தடுக்க முடியாது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார். “எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை” என்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்பா எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

இதை விடாதீர்கள். அமைதியாக இருக்கிறார், தொந்தரவே இல்லை என்று பாராட்டாகச் சொல்வார்கள். முதலில் மருந்துச் சார்ட்டைக் கேட்டுப் படியுங்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை கடும் மனநோய்க்கான மருந்துகள். மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்கள் கத்துவதையும் அலைவதையும் அடக்க இவற்றைக் கொடுக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் இறப்பு அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்கு கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் எச்சரித்தது. 2008-ல் பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கையை விரிவாக்கியது. வேறு வழியே இல்லாமல், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுக்க நேரலாம். அப்படியென்றால் யார் எழுதிக்கொடுத்தார், எதற்காக, எப்போது மறுபடி பார்த்துக் குறைப்பார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்.

மருந்து காரணம் இல்லையென்றால் இன்னும் அவசரம். நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென்று மந்தமாகிவிட்டால் நோய்த்தொற்று, நீர் வற்றல், சர்க்கரை குறைதல், மலச்சிக்கல், தலையில் அடி என்று எதுவும் இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று வரும். “மறதி நோய் முற்றிவிட்டது” என்ற பதில் இதற்குச் செல்லாது. அது ஒரே ராத்திரியில் முற்றுவதில்லை.

மாத்திரைகளைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

டயப்பர், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது சாதாரணம்தானா?

டயப்பர் தேவைப்படலாம். ஆனால் நடந்து போகக்கூடியவருக்கு, அழைத்துப் போக ஆளில்லை என்று டயப்பர் போட்டு “அதிலேயே போங்க” என்று சொல்வது அவமானம். நாளடைவில் அந்தக் கட்டுப்பாட்டையே அவர் இழந்துவிடலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போனாலே பலருக்கு உடை நனையாது.

கதீட்டருக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் வெளியேற முடியாமல் தங்குவது, ஆழமான புண் நனையாமல் ஆற வேண்டியிருப்பது, கடைசிக் கட்டத்தில் வலியில்லாமல் வைப்பது போன்றவை காரணங்கள். படுக்கை நனைகிறது என்பது காரணம் இல்லை. ஒரு மாதம் தொடர்ந்து கதீட்டர் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வந்துவிடும்.

நாற்றம் அடித்தால் மோசமான இல்லமா?

ஓர் அறையில், ஒரு நேரத்தில் அடித்தால் இல்லை. எந்நேரமும், எல்லா இடத்திலும் பழைய சிறுநீர் வாடை இருந்தால் ஆம். எங்கு பார்த்தாலும் வாசனைத் திரவிய மணமாகவே இருந்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பேன்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது எது?

வாய். பல் தேய்க்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பல் செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போடுகிறார்களா என்று கேளுங்கள். ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஊழியர்கள் தவறாமல் வாய்ச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்துவிடப்படாத முதியவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்தது. ஒரு பிரஷும் சில நிமிடங்களும் தரும் பலன் இது. அவசர வேலைகளுக்கு நடுவில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். அதனால் பிரஷ் தினமும் நனைகிற இல்லத்தில் மற்ற வேலைகளும் நடக்கின்றன என்று நம்பலாம்.

அம்மாவுக்கு மறதி நோய். அவர் சொல்லும் குறையை நம்பலாமா?

விவரத்தை நம்ப முடியாமல் போகலாம். உணர்ச்சியை நம்புங்கள். “நேத்து ராத்திரி ஒருத்தன் வந்து அடிச்சான்” என்கிறார் என்றால் அது நேற்று நடந்ததா, நாற்பது வருடத்துக்கு முன் நடந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் உண்மை. குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்தால் மட்டும் உடம்பு விறைக்கிறதா, குளிக்கும் நேரம் வந்தால் மட்டும் அழுகிறாரா என்று கவனியுங்கள்.

பேச முடியாதவர்களின் வலியை அளக்க ஒரு முறை இருக்கிறது, பெயினாட் என்பார்கள். மூச்சு, வாயிலிருந்து வரும் சத்தம், முகபாவம், உடம்பின் அசைவு, தேற்றினால் அமைதியாகிறாரா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். “பேச முடியாதவருக்கு வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று நர்ஸிடம் கேளுங்கள். பெயினாட் என்ற பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முகத்தைப் பார்ப்போம், புரட்டும்போது முனகுகிறாரா பார்ப்போம் என்று ஏதாவது சொல்ல வேண்டும். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

நட்சத்திர மதிப்பீடு, இணைய விமர்சனம் எல்லாம் எவ்வளவு தூரம் உதவும்?

தொடக்கத்தில் வடிகட்ட உதவும். அமெரிக்காவில் 2008 முதல் ஐந்து நட்சத்திர முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல். இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் நான்கு தரங்களில் ஒன்றைத் தருகிறார்கள். பல நாடுகளில் இப்படி எதுவும் கிடையாது. இருக்கும் இடத்திலும், அமெரிக்க முறையில் நட்சத்திரத்துக்கு ஆதாரமான தரக் குறியீடுகள் பலவற்றை இல்லமே நிரப்பித் தருகிறது என்பதை மறக்க வேண்டாம். நட்சத்திரத்தை எண்ணுவதைவிட ஆய்வறிக்கையின் வாசகங்களைப் படியுங்கள். ஒரே குறை அடுத்தடுத்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் செய்தி.

இணைய விமர்சனங்களில் புகழ்மொழிகளைத் தாண்டிப் போங்கள். குறை சொன்னவருக்கு இல்லம் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நான் தொலைவில் இருக்கிறேன். வீடியோ காலில் என்ன தெரியும்?

கொஞ்சம் தெரியும். வாரம் ஒரே நாளில் ஒரே நேரத்தில் பேசினால் அந்த நேரத்துக்குத் தலைவாரி உட்காரவைப்பார்கள். நேரத்தை மாற்றுங்கள். உதடு, நகம், சட்டை, பின்னால் தெரியும் படுக்கை ஆகியவற்றைக் கவனியுங்கள். மாதம் ஒருமுறை எடைப் பதிவையும் மருந்துச் சார்ட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேரும்போதே இதைப் பேசி எழுதி வாங்கிவிட்டால் பிறகு தர்மசங்கடம் இல்லை. முதுகும் குதிகாலும் வீடியோவில் தெரியாது. அதற்கு நேரில் ஒருவர் போக வேண்டும். உறவோ நட்போ, பக்கத்தில் இருக்கும் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள்.

உடம்பில் காயம், கன்றல் தெரிகிறது. துன்புறுத்துகிறார்களோ?

முதியவர்களின் தோல் மெல்லியது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் புறங்கையிலும் முன்கையிலும் லேசாகப் பட்டாலே கன்றும். காது, கழுத்து, உள்தொடை, பிட்டம், பாதத்தின் அடி ஆகிய இடங்களில் தற்செயலாகக் கன்றுவது அரிது. மணிக்கட்டைச் சுற்றி வளையமாக இருந்தால் கட்டியிருக்கலாம். இரண்டு மேல்கைகளிலும் விரல் பதிந்தது போல இருந்தால் முரட்டுத்தனமாகப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். தேதியோடு படம் எடுங்கள், விளக்கம் கேளுங்கள். இருவரிடம் தனித்தனியாகக் கேட்டு, கதை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உடனே வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆபத்து என்று தோன்றினால் காவல்துறைக்குப் போகத் தயங்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளின்படி, இல்லங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பது மட்டும் அதில் அடங்கவில்லை. அதட்டுவது, வேண்டுமென்றே காத்திருக்கவைப்பது, கவனிக்காமல் விடுவது எல்லாம் சேர்த்துத்தான். கெட்டவர்கள் அதிகம் என்று இதைப் படிக்க வேண்டாம். ஓய்வில்லாமல், ஆள் போதாமல் வேலை வாங்கினால் நல்லவர்களும் அப்படி ஆகிறார்கள். அதனால்தான் ஆள் கணக்கை அத்தனை அழுத்திச் சொன்னேன்.

குறை சொன்னால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காதவருக்குத்தான் கவனிப்பு முதலில் குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

உதவியாளரிடம் சண்டை போடாதீர்கள்; ஷிப்டை முடிவு செய்வது அவர் இல்லை. பொறுப்பு நர்ஸிடம், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் என்று, தேதியோடு சொல்லுங்கள். “சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்றால் “பார்த்துக்கொள்கிறோம்” என்று முடித்துவிடுவார்கள். “செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு வந்தபோது டயப்பர் நிறைந்து படுக்கை நனைந்திருந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?” என்றால் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு அதையே எழுத்திலும் அனுப்புங்கள். சரிசெய்தால் நன்றி சொல்லுங்கள், அதையும் எழுத்தில். மற்றக் குடும்பத்தினரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்; பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்கும்போது ஒரு முதியவர் மேல் மட்டும் கோபம் காட்ட முடியாது.

எப்போது வேறு இல்லத்துக்கு மாற்றலாம்?

துன்புறுத்தல் என்று தெரிந்தால் அன்றே. ஆழமான புண்ணை மறைத்திருந்தாலும், விழுந்ததைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் என் பார்வையில் மாற்றிவிடுவதுதான் சரி. தவறு நடப்பது ஒன்று, மறைப்பது இன்னொன்று. மறைக்கிறவர்களிடம் அடுத்த தவறையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மற்றக் குறைகளுக்கு எழுத்தில் கேட்டு, ஒரு கெடு கொடுத்துப் பாருங்கள். இடமாற்றம் முதியவருக்கு லேசானதல்ல. மறதி நோய் உள்ளவர் புது இடத்தில் சில வாரங்கள் குழம்பிப்போவார், விழும் வாய்ப்பும் கூடும்.

மாற்றுவதென்று முடிவானால் மருந்துச் சார்ட், எடைப் பதிவு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், புண் இருந்தால் அதன் அளவோடு கூடிய குறிப்பு, விழுங்கும் திறன் பற்றிய குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அவருடைய முதுகு, குதிகால் உட்பட உடம்பு முழுவதையும் பழைய இல்லத்து நர்ஸோடு சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புது இல்லத்தில் இறங்கியதும் அங்குள்ள நர்ஸோடு மறுபடி பாருங்கள். அப்புறம் எந்தப் புண் எங்கே வந்தது என்று இரண்டு இல்லமும் ஒன்றையொன்று கைகாட்ட வழி இருக்காது. அவர் எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் காது கேட்காது, எதற்குப் பயப்படுவார் என்று ஒரு பக்கம் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்; முதல் ராத்திரி டூட்டிக்கு வருகிறவருக்கு அவரைப் பற்றி வேறு எதுவும் தெரிந்திருக்காது.